சாரதியற்ற வாகனம் எப்படி ஓடுகிறது? மலையக வீதிகளை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

சாரதி ஆசனம் வெறுமையாக இருக்க, ஸ்டீயரிங் தானாகச் சுழல, பின்னால் அமர்ந்திருப்பவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தபடி பயணம் செய்யும் காணொளிகள் இப்போது ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருப்பவர்களின் கைகளுக்கும் வந்து சேர்கின்றன. அவற்றைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இது நம்ம ரோட்டுல ஓடுமா?" என்பதுதான். சிரித்துக்கொண்டு கேட்கப்பட்டாலும், இந்தத் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கேள்வியே. எந்த வீதியில், எவ்வளவு வேகத்தில், எத்தகைய காலநிலையில் என்ற நிபந்தனைகளோடு சேர்த்தே சாரதியற்ற வாகனத்தைப் பற்றிப் பேச முடியும். நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு "வந்தேவிட்டது" என்பதும் "ஒருநாளும் வராது" என்பதும் ஒரே அளவுக்குப் பொருளற்ற பேச்சுகள்.

வாகனம் எந்த அளவுக்குத் தானாக ஓடுகிறது என்பதைக் குறிக்க, எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியியலாளர் அமைப்பு 2014இல் வெளியிட்ட படிநிலைகளையே உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். பூச்சியம் முதல் 5 வரை அவை செல்கின்றன. பூச்சியத்தில் எல்லாம் சாரதியின் கையில். முதலாம் நிலையில் வேகம், திசை ஆகிய இரண்டில் ஒன்றை வாகனம் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் நிலையில் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் வீதியைக் கவனிக்கும் பொறுப்பு ஒரு கணமும் சாரதியை விட்டு நீங்காது. மூன்றாம் நிலையில், குறித்த சூழ்நிலைகளில் வாகனமே வீதியைக் கவனித்துக்கொள்ளும். தன்னால் முடியாது என்று தெரியும்போது சற்று முன்னதாகச் சாரதியைக் கூப்பிடும். நான்காம் நிலையில், வகுத்துக் கொடுத்த எல்லைக்குள் சாரதியே தேவையில்லை. சிக்கல் நேர்ந்தால் வாகனமே ஓரங்கட்டி நின்றுகொள்ளும். மனிதர் ஓட்டக்கூடிய எந்த வீதியிலும் எந்த வேளையிலும் தானே ஓடுவது ஐந்தாம் நிலை. அத்தகைய வாகனம் இன்று எந்த நாட்டிலும் இல்லை.

இவற்றில் மிக முக்கியமான கோடு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இப்பால் இருப்பவை உதவிக் கருவிகள். அப்பால் இருப்பவையே ஓட்டுகின்ற இயந்திரங்கள். விளம்பரங்கள் இந்தக் கோட்டை வேண்டுமென்றே மங்கலாக்குவதால்தான் இவ்வளவு குழப்பம். டெஸ்லா கார்களை வாங்கியவர்கள் தாமே பயன்படுத்தும் தன்னோட்ட வசதி, பெயர் எப்படியிருந்தாலும், இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. மெர்சிடிஸ் நிறுவனம் 2022இல் ஜெர்மனியில் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்றாம் நிலை வசதி, ஆரம்பத்தில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மணிக்கு 60 கிலோமீற்றர் வரையில் மட்டுமே வேலை செய்தது. அமெரிக்காவில் வேமோ நிறுவனம் ஓட்டும் ஆளில்லா டெக்சிகள் நான்காம் நிலையைச் சேர்ந்தவை.

ஒரு வளைவில் தொடங்கிய கதை

2004 மார்ச் மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகவரமான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வாகனங்களுக்கான போட்டியொன்றை நடத்தியது. 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தப் பாதையை ஒரு வாகனமும் கடக்கவில்லை. எல்லாவற்றையும் முந்திச் சென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வாகனம்கூட 12 கிலோமீற்றரைத் தொடுவதற்கு முன்பே, மலைப்பகுதியின் கொண்டை ஊசி வளைவொன்றில் பாதையை விட்டு விலகி, மண்மேட்டில் சிக்கி, சக்கரம் புகைய நின்றுபோனது. பரந்த சமவெளியில் தடையின்றி ஓடிவந்த இயந்திரத்தை முதலில் மடக்கியது ஒரு வளைவுதான் என்பதை மலையக வாசகர் ஒரு புன்னகையோடு குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டே 5 வாகனங்கள் இறுதிவரை வந்தன. சுமார் 212 கிலோமீற்றர் பாதையை 7 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' முதலிடம் பெற்றது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய செபாஸ்டியன் த்ரூன், 2009இல் கூகுள் தொடங்கிய சாரதியற்ற கார்த் திட்டத்தையும் வழிநடத்தினார். அந்தத் திட்டமே 2016இல் வேமோ என்ற தனி நிறுவனமாயிற்று. ஓராண்டு இடைவெளியில் ஏற்பட்ட அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் எஞ்சினோ சக்கரமோ அல்ல. கிடைத்த தகவலை நம்பலாமா கூடாதா என்று கணினி தானே எடைபோடக் கற்றுக்கொண்டதுதான்.

வாகனம் எதைக் காண்கிறது

தானே ஓடும் வாகனம் ஒவ்வொரு கணமும் நான்கு விடயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: சுற்றிலும் என்ன இருக்கிறது, தான் எந்த இடத்தில் இருக்கிறது, மற்றவர்கள் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள், தான் என்ன செய்ய வேண்டும். முதலாவதைத் தீர்ப்பதற்கே கமரா, ரேடார், லிடார் ஆகிய மூவகை உணரிகள் பொருத்தப்படுகின்றன.

கமரா நிறத்தையும் எழுத்தையும் உருவத்தையும் காணும். ஆனால் தூரத்தை நேரடியாக அளக்காது. லிடார், கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியைச் சிறு துடிப்புகளாக நாலாபுறமும் வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். ஒளி ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீற்றர் செல்லும். ஆகவே 150 மீற்றருக்கு அப்பாலுள்ள ஒரு லொறியில் பட்ட ஒளி, அந்த நேரத்துக்குள் போய்த் திரும்பியும் விடும். இப்படி ஒவ்வொரு செக்கனிலும் இலட்சக்கணக்கான புள்ளிகளை அளந்து, சுற்றுப்புறத்தின் முப்பரிமாண உருவத்தை அது கட்டியெழுப்புகிறது. ரேடாரும் இதே வேலையை ரேடியோ அலைகளால் செய்கிறது. பொருள் என்ன வேகத்தில் நெருங்குகிறது என்பதை அதைப் போலத் துல்லியமாகச் சொல்ல மற்றவற்றால் இயலாது.

இந்த இடத்தில் நானுஓயாவின் பிற்பகல் பனிமூட்டத்தை நினைத்துக்கொள்வது பொருத்தம். மூட்டத்திலுள்ள நீர்த்துளிகள் மிக நுண்ணியவை என்றாலும் லேசர் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பெரியவை. அதனால் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, லிடாருக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பதைப் போலாகிவிடும். கமராவுக்கும் அதே கதிதான். பெரிய விளக்கைப் போட்டால் இன்னும் மோசமாகும் என்பது இப்பக்கத்துச் சாரதிகள் எல்லோருக்கும் தெரிந்ததே. கார்களிலுள்ள ரேடாரின் அலைநீளமோ சுமார் 4 மில்லிமீற்றர்; துளிகளைவிட அது மிகப் பெரியது என்பதால் மூட்டத்தை ஊடுருவிச் செல்கிறது. ஆனால் ரேடார் காண்பது மங்கலான உருவத்தையே. எதிரே வரும் பஸ்ஸின் உலோகத்தை அது சட்டென்று கண்டுகொள்ளும். வீதியோரமாக நடந்து செல்லும் ஒருவரையோ மண்சரிந்து கிடக்கும் குவியலையோ அதே உறுதியுடன் சொல்லாது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்ய வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான நிறுவனங்கள் மூன்றையும் பொருத்துகின்றன. வேமோவின் ஐந்தாம் தலைமுறை வாகனமொன்றில் 29 கமராக்களும் 5 லிடார்களும் 6 ரேடார்களும் இருக்கின்றன. மனிதன் கண்ணால் மட்டுமே ஓட்டுகிறான் என்பதால் கமரா மட்டுமே போதும் என்பது டெஸ்லாவின் நிலைப்பாடு. நகரத்து வெயிலில் அந்த வாதம் எப்படியோ, இறம்பொடைக்கு மேலே மாலை 5 மணிக்கு அதை ஏற்பது கடினம்.

ஆனால் இவற்றில் எந்த உணரியும் மலையை ஊடுருவிப் பார்க்காது. வளைவுக்கு அப்பால் வருவதை மனிதச் சாரதியும் காண்பதில்லை. ஆயினும் அவர் ஹோர்ன் அடித்துப் பதிலுக்குக் காது கொடுக்கிறார், இரவில் எதிர்ப்பாறையில் விழும் வெளிச்சத்தைக் கொண்டே வாகனம் வருவதை ஊகிக்கிறார். வேமோ கார்களிலும் வெளிப்புற ஒலிவாங்கிகள் உண்டு. அவசர வாகனங்களின் சைரன் ஒலியைக் கேட்பது அவற்றின் முக்கிய வேலை. நம் வீதிகளுக்கென்று ஒரு இயந்திரத்தைப் பழக்குவதானால், ஹோர்ன் சத்தத்துக்கு அதில் மிகப் பெரிய இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி, வாகனம் தான் இருக்கும் இடத்தை அறியும் விதம். கைப்பேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீற்றர் தவறக்கூடியது. இருபுறமும் மலை எழுந்து வானத்தை மறைக்கும் பள்ளத்தாக்கில் தவறு இன்னும் கூடும். ஒரு லொறி போனால் மற்றதற்கு இடமில்லாத தோட்டத்து வீதியில் அந்தச் சில மீற்றர் என்பது ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் பள்ளம். ஆகவே நான்காம் நிலை வாகனங்கள் ஜி.பி.எஸ்ஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. சாரதி ஓட்டும் கார்களை முன்கூட்டியே ஒவ்வொரு தெருவிலும் அனுப்பி, ஓரக்கல், கம்பம், கோடு எல்லாவற்றையும் அளந்து நுண்வரைபடம் ஒன்றைத் தயாரித்துக்கொள்கிறார்கள். பின்னர் ஓடும்போது, லிடார் காணும் உருவத்தை அந்த வரைபடத்தோடு பொருத்திப் பார்த்து, சென்ரிமீற்றர் கணக்கில் தன் இடத்தை வாகனம் கண்டுகொள்கிறது.

வரைபடம் உண்மையாக இருக்கும்வரை இது அருமையான முறை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகத்தின் வீதிகள் பல ஒரே இரவில் சரிந்தும் புதைந்தும் போயின. மீளத் திறக்கப்பட்டவற்றிலும் சில இடங்களில் பாதை முன்பிருந்த இடத்தில் இல்லை. பெரும் புயல் வேண்டியதில்லை. சாதாரணப் பருவமழையிலேயே ஒரு மதில் சரிந்து பாதி வீதி மூடுண்டு, மறுபாதியால் மாதக்கணக்கில் போக்குவரத்து நடப்பது இங்கே புதிதல்ல. வாகனத்தை வாங்குவது ஒரு முறைச் செலவு; வரைபடத்தை உண்மையாக வைத்திருப்பது ஓயாத செலவு.

இரண்டு பஸ்கள் எதிரெதிரே நின்றால்

மூன்றாவது விடயமான, மற்றவர் என்ன செய்யப்போகிறார் என்பதை முன்னறிவதே இத்துறையின் உண்மையான கடினப்பாடு என்பது என் கணிப்பு. இதற்காகக் கணினிக்கு விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான கிலோமீற்றர் ஓட்டத்தின் பதிவுகளைக் காட்டி, இப்படி நிற்பவர் இப்படி நடப்பார் என்பதை அதுவே கற்றுக்கொள்ளச் செய்கிறார்கள். எந்த ஊரின் பதிவுகளைக் காட்டினார்களோ அந்த ஊரின் பழக்கத்தையே அது கற்கும்.

தோட்டத்து வீதியொன்றின் வளைவில் இரண்டு பஸ்கள் சந்திப்பதை எடுத்துக்கொள்வோம். ஏறி வருகிற வாகனத்துக்கு வழிவிடுவது மலைவீதியின் பழைய மரியாதை. ஆனால் இறங்கி வந்ததன் பின்னால் ஒரு கொழுந்து லொறியும் இரண்டு முச்சக்கர வண்டிகளும் ஒட்டி நிற்கும்போது அந்த மரியாதை செல்லாது. ஏறி வந்ததே பின்னால் போயாக வேண்டும். இரண்டு சாரதிகளும் விளக்கை ஒரு முறை சிமிட்டி, கையை அசைத்து இதை முடிவு செய்கிறார்கள். நடத்துநர் இறங்கிப் பின்புறம் போய், உள்ளங்கையால் தகட்டைத் தட்டிக்கொண்டே பஸ்ஸைப் பின்னே வரச் செய்கிறார். விளிம்பு நெருங்கியதும் தட்டல் விரைவாகிறது. "ஹரி" என்ற ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. முழுக் காரியமும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்; யாரும் எதையும் சட்டப் புத்தகத்தில் தேடுவதில்லை. பின்னால் செல்லத் துல்லியமாக அளப்பதில் இயந்திரம் அந்த நடத்துநரையே மிஞ்சலாம். ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்ற அந்தச் சிறு பேச்சுவார்த்தையை அது எங்கே கற்றுக்கொள்ளும்?

நான்காவதான செயற்படுத்தலில் இயந்திரத்தின் கை ஓங்கியே இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் சுமார் 8.3 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக மனிதருக்குக் குறைந்தது ஒரு செக்கனாவது செல்லும் என்பதால், அந்த 8 மீற்றரும் பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே கழிந்துவிடும். பிறகு ஈரமான சமவீதியில் நிற்க ஏறத்தாழ 9 மீற்றர், 8 சதவீத இறக்கத்தில் ஏறத்தாழ 11 மீற்றர் வேண்டும். கணினி அரைச் செக்கனுக்கும் குறைவாகவே தாமதிக்கும் என்பதால் சில மீற்றர்கள் மிஞ்சுகின்றன. பள்ளத்தின் விளிம்பில் அந்தச் சில மீற்றர்களே எல்லாம். ஆனால் ஒற்றைத் தட வீதியில் எதிரே வருவதும் நின்றாக வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகத்துக்கு மேல் விழிப்பான இயந்திரம் போகாது. கடும் மூட்டத்தில் அது நடைவேகமாகிவிடும். பின்னால் வருபவர்கள் பொறுமையாக இருப்பார்களா என்பது இன்னொரு சங்கதி.

சாரதியற்ற வாகனங்கள் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவை என்பதால் இறக்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால்தான் குறைந்த கியரில் இறங்குகிறோம். மின்வாகனத்தில் மோட்டாரே பின்னிழுத்து வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை பெற்றரிக்குத் திருப்பி அனுப்பும். ஆனால் நுவரெலியாவில் பெற்றரியை முழுமையாக நிரப்பிக்கொண்டு கம்பளைப் பக்கம் இறங்கினால், திரும்பி வரும் ஆற்றலை வாங்கிக்கொள்ள அதில் இடமிருக்காது. மோட்டாரின் இழுப்பு குறைந்து பாரம் முழுவதும் சாதாரணப் பிரேக்கின் மேல் விழும். மலை உச்சியில் இருப்பவர் பெற்றரியை விளிம்புவரை நிரப்பாமல் விடுவதே புத்தி.

நகரங்களில் இன்று நடப்பது

சிங்கப்பூரில் 2016 ஓகஸ்டில் நியூடொனமி நிறுவனம் பொதுமக்களை ஏற்றிப் பரீட்சார்த்த ஓட்டத்தைத் தொடங்கியபோது, பாதுகாப்புக்கென்று ஒருவர் முன் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். வேமோ 2020 ஒக்டோபரில் பீனிக்ஸ் நகரில் ஆளே இல்லாத டெக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. 2024இல் சான் பிரான்சிஸ்கோவும் லொஸ் ஏஞ்சலிஸும், 2025இல் ஒஸ்டினும் அட்லாண்டாவும் சேர்ந்தன. 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 2.5 இலட்சம் கட்டணப் பயணங்கள் நடப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. சீனாவில் பைடு நிறுவனம் 2022 ஓகஸ்டில் வூஹான், சொங்சிங் நகரங்களில் ஆளில்லாமல் ஓட்டுவதற்கு அனுமதி பெற்றது. டெஸ்லா 2025 ஜூனில் ஒஸ்டினில் தன் சேவையைத் தொடங்கியபோது பயணிகள் ஆசனத்தில் ஒரு கண்காணிப்பாளரை அமர்த்தியே தொடங்கியது.

சான் பிரான்சிஸ்கோவில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட சரிவுள்ள தெருக்கள் உண்டு. மூடுபனிக்கும் அது பேர்போன ஊர். அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடாது என்று கேட்கலாம். சரிவு இயந்திரத்துக்குப் பெரிய சிக்கலே அல்ல. அந்தத் தெருக்கள் நேரானவை, அகலமானவை, கோடு போட்டவை, சந்திதோறும் யாருக்கு முதலிடம் என்று எழுதி வைத்தவை. நம்முடைய வீதியைக் கடினமாக்குவது அதன் செங்குத்து அல்ல. கண்மறைவான வளைவும் இருவழிப் போக்குவரத்துக்குப் போதாத அகலமும்தான்.

பாதுகாப்பு எப்படி? 2024 டிசம்பரில், காப்புறுதி நிறுவனமான சுவிஸ் ரீயுடன் இணைந்து வேமோ வெளியிட்ட ஆய்வொன்று, சுமார் 4 கோடி கிலோமீற்றர் ஓட்டத்தில், மனிதர் ஓட்டும் வாகனங்களோடு ஒப்பிடுகையில், உடற்காயத்துக்கான காப்புறுதிக் கோரிக்கைகள் 92 சதவீதம் குறைந்திருந்ததாகக் காட்டியது. நிறுவனம் தானே பங்குகொண்ட ஆய்வு என்பதையும், அது ஓடிய ஊர்களுக்கே அந்த எண் பொருந்தும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டாலும், அதை அலட்சியம் செய்ய முடியாது. மறுபக்கமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில் ஊபர் நிறுவனத்தின் பரிசோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண் ஒருவர் இறந்தார். 2023 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு காரால் தூக்கி வீசப்பட்ட பாதசாரி தன்னடியில் சிக்கியிருப்பதை உணராமல், குரூஸ் நிறுவனத்தின் கார் ஓரமாக ஒதுங்க முயன்று அவரைச் சுமார் 6 மீற்றர் இழுத்துச் சென்றது. அனுமதி பறிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு இறுதியில் குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டர்ஸ் அந்த டெக்சித் திட்டத்தையே கைவிட்டது. ஆபத்தானால் ஓரங்கட்டு என்ற நல்ல விதியே தவறான கணத்தில் தீங்காக மாறியதை இங்கே காணலாம்.

இன்னொரு நிகழ்வு நமக்கு நெருக்கமானது. 2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரும் மின்தடை ஏற்பட்டு வீதிச் சமிக்ஞை விளக்குகள் அணைந்தபோது, வேமோ கார்கள் பல சந்திகளிலேயே நின்றுவிட்டன. ஐயம் எழும்போது தொலைவிலுள்ள பணியாளரிடம் உறுதிகேட்கும்படி அவை அமைக்கப்பட்டுள்ளன. எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் கேட்டதால் பதில் தாமதமாயிற்று. மலையகத்தில் அணைவதற்குச் சமிக்ஞை விளக்குகளே சில இடங்களில்தான் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கைப்பேசி அலைவரிசை இரண்டு வளைவுகளுக்கு ஒரு முறை அறுந்துபோகும் பள்ளத்தாக்கில், உறுதிகேட்க விரும்பும் வாகனம் யாரிடம் கேட்கும்?

நகரப் போக்குவரத்து என்று பார்த்தால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆளில்லா டெக்சி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அது ஒரு காரின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பயணியை இறக்கிவிட்டு அடுத்தவரைத் தேடி வெறுமையாகவும் ஓடும். பேராதனையிலிருந்து கண்டி நகருக்குள் காலையில் நகரும் வாகன வரிசையில், ஒரு பஸ்ஸில் வரும் 50 பேரை டெக்சிகளுக்கு மாற்றினால் முப்பதுக்கு மேற்பட்ட டெக்சிகள் வேண்டும். சாரதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெரிசல் நெரிசலே.

மெதுவானதும் நிலையானதும்

மலைநாட்டுக்குப் பொருந்தக்கூடிய முன்மாதிரி வேறு பக்கத்தில் இருக்கிறது. ஜப்பானின் ஃபுகுயி மாநிலத்திலுள்ள எய்ஹெய்ஜியில், கைவிடப்பட்ட ரயில் பாதையின் தடத்தில் சுமார் 2 கிலோமீற்றர் தூரத்துக்கு, 7 பேர் அமரக்கூடிய சிறு மின்வண்டிகள் 2023 மே மாதம் முதல் நான்காம் நிலையில் ஓடத் தொடங்கின. வேகம் மணிக்கு 12 கிலோமீற்றர். பாதையின் அடியில் பதித்த கம்பியைப் பின்பற்றி அவை செல்கின்றன. இளையோர் வெளியேறி முதியோர் எஞ்சிய, சாரதிகள் கிடைக்காத ஊர்களுக்கான முயற்சி அது. உலகத்துக் காணொளிகளில் இதைப் பார்க்க முடியாது; பார்ப்பதற்கு அவ்வளவு பரபரப்பில்லை. ஆனால் டவுனிலிருந்து வைத்தியசாலைக்கோ, பிரதான வீதியிலிருந்து லயன்களுக்கோ முதியவர்களை ஏற்றிச் செல்லும் ஒரு குறும்பாதையைக் கற்பனை செய்ய இதுவே உதவும். கொழுந்து மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஓடும் ட்ரக்டரும் இதே வகையான வேலையைத்தான் செய்கிறது: ஒரே பாதை, மெதுவான வேகம், தினமும் அதே சுமை. சிலியின் சுரங்கமொன்றில் 2008 முதல் ஆளில்லாப் பாரவண்டிகள் ஓடுவதும் இந்தக் காரணத்தால்தான். அங்கே ஒரு வண்டியே பல கோடி ரூபாய் பெறும் என்பதால் கணினிச் செலவு பெரிதாகத் தெரிவதில்லை; இங்கே ட்ரக்டரைவிடக் கருவி விலை கூடும்.

ஒற்றைத் தட வீதியின் சிக்கலுக்கும் ஒரு தீர்வு உண்டு. வாகனங்கள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொண்டு, ஒன்று வளைவுக்குள் நுழைந்துவிட்டால் மற்றதை வெளியே காத்திருக்கச் செய்யும் முறை அது. கொழும்பு–பதுளை ரயில் பாதையில் ஓடும் டெப்லட் முறையைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான ஒற்றைத் தடத்துக்குள் நுழைய, வளையத்தில் கோத்துத் தரப்படும் உலோக வில்லை சாரதியின் கையில் இருக்க வேண்டும்; அது மறுமுனையில் பொறிக்குள் போடப்படும்வரை இன்னொரு வில்லையை வெளியே எடுக்க முடியாதபடி இரு நிலையங்களின் பொறிகளும் பிணைக்கப்பட்டுள்ளன. வாகனங்களின் ரேடியோப் பேச்சு அந்த வில்லையின் வேலையைச் செய்யும். ஆனால் தண்டவாளத்தில் வில்லையில்லாத ரயில் வருவதில்லை. வீதியில் ரேடியோ இல்லாத முச்சக்கர வண்டி வரும், மாடும் வரும். எல்லோரும் சேரும்வரை இம்முறை பாதிப் பயனையே தரும்.

பொறுப்பு யாருடையது என்பதையும் தொட்டுச் செல்ல வேண்டும். பிரித்தானியா 2024இல் நிறைவேற்றிய தன்னியக்க வாகனச் சட்டம், வாகனம் தானே ஓடும் வேளையில் ஓட்டத்துக்கான பொறுப்பை உள்ளே இருப்பவரிடமிருந்து நீக்கி, அனுமதி பெற்ற நிறுவனத்தின் மேல் வைக்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தை அடியாகக் கொண்ட நம் ஒழுங்கு, சாரதி ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது.

ஏற்கனவே வந்து சேர்ந்தவை

2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விபத்தில் 15 பேர் இறந்தனர். அவற்றின் காரணங்களை இங்கே ஆராய வரவில்லை. ஆனால் சாரதியின் இடத்தைப் பிடிக்கும் இயந்திரத்துக்காகக் காத்திருப்பதைவிட, சாரதிக்குப் பக்கத்துணையாக நிற்கும் முதலாம், இரண்டாம் நிலைக் கருவிகளை நீண்டதூர பஸ்களில் பொருத்துவதே மலையகத்துக்கு அவசரம் என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்களிலும் பஸ்களிலும் சாரதி தூங்கி வழிவதைக் கண்டு எச்சரிக்கும் கருவி கட்டாயம். இது விண்வெளி விஞ்ஞானம் அல்ல. இமையையோ ஸ்டீயரிங்கின் அசைவையோ கவனிக்கும் ஒரு சிறு பெட்டி.

கார்களைப் பொறுத்தவரை இவை ஏற்கனவே நம் ஊருக்கு வந்துவிட்டன. ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார்கள் பலவற்றில், முன்னால் தடையைக் கண்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும், கோட்டைத் தாண்டினால் ஒலி எழுப்பும் வசதியும் இருக்கின்றன. கோடு அழிந்துபோன வீதியில் இரண்டாவது வசதி பேசாமல் இருக்கும், அது பழுதல்ல. கடும் மூட்டத்தில் அல்லது சேறு படிந்த வேளையில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி தற்காலிகமாக நின்றுவிடலாம். இயந்திரம் தன் எல்லையை அறிந்து ஒதுங்கிக்கொள்கிறது என்பதே அதன் பொருள், அப்போது பிரேக் முழுவதும் உங்கள் காலில்தான் இருக்கிறது. முன்கண்ணாடியின் மேற்பகுதியில் கமரா இருக்கும் இடத்தை ஸ்டிக்கராலோ தொங்கும் மாலையாலோ மறைக்கக்கூடாது. கல் பட்டுக் கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கமராவை மறுபடி அளவு திருத்தித் தருமாறு கராஜில் கேட்டு வாங்க வேண்டும். அதன் கோணம் ஒரு பாகை பிசகினாலும், 50 மீற்றருக்கு அப்பால் நிற்கும் வாகனத்தைக் கார் ஏறத்தாழ ஒரு மீற்றர் தள்ளியே காணும்.